பத்து டிகிரி விதி: சூடு, வேகம், ஆயுள் குறித்துச் சில குறிப்புகள்

1

1993 வாக்கில் மதுரையில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். சிறுபத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, கட்சித் துண்டறிக்கை, கருமாதிக் கார்டு எல்லாம் அங்கேதான் கம்போஸ் ஆகும். முன்கட்டில் லெட்டர் பிரஸ். பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. அதில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஜன்னலில் ஒரு ஏ.சி. வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று எழுதி ஒட்டியிருக்கும். முன்கட்டுக்குத் தகரக் கூரை. அங்கே நின்றபடி ஈய எழுத்துக்களைப் பொறுக்கி அடுக்கும் கம்பாசிட்டர் அண்ணன், மே மாதத்தில் பனியனைப் பிழிந்து கயிற்றில் போட்டுவிட்டு வெற்றுடம்போடு நிற்பார். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடிக் கதவைக் கொஞ்சம் திறந்து அந்தக் குளிர்ச்சியில் இரண்டு நிமிஷம் நிற்பது அவருக்குப் பிடிக்கும். முதலாளி பார்த்துவிட்டால் சத்தம் போடுவார்: "கதவச் சாத்துய்யா, மிஷின் செத்துப் போயிரும்."

அந்த அறையில் உட்கார்ந்திருந்தவன் நான். குளிரை அனுபவித்தவனும் நான்தான். இந்தக் கட்டுரை என்னுடைய அந்தச் சௌகரியத்திலிருந்து தொடங்குகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னாளில்தான் தெரிந்தது, எங்கள் 486 செயலி எடுத்துக்கொண்ட மின்சாரம் ஐந்தாறு வாட்தான் என்று. வீட்டில் ராத்திரி எரியும் 'ஜீரோ வாட்' பல்பு தின்பதைவிடக் குறைவு. அதற்கு மேலே ஒரு மின்விசிறிகூடக் கிடையாது. தூசியும் ஈரமும் பிளாப்பியைக் கெடுக்கும், பிரிண்டரில் தாளைச் சிக்கவைக்கும் என்பதெல்லாம் நிஜம். ஆனால் 'சூட்டில் மிஷின் செத்துப்போகும்' என்கிற வாக்கியம் அந்த அறையில் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது, யாருடைய உடம்பு சூட்டைத் தாங்க வேண்டும் என்பதை அது தீர்மானித்தது. சூடு பற்றிய பேச்சு அங்கே வெறும் பௌதிகமாக இல்லை.

முப்பது வருஷம் கழித்து இன்று அதே வாக்கியம் கொஞ்சம் படித்த வடிவத்தில் புழங்குகிறது: 'பத்து டிகிரி கூடினால் செயலியின் ஆயுள் பாதியாகும்.' கடைக்காரர் சொல்கிறார், மெக்கானிக் சொல்கிறார், நண்பர்கள் சொல்கிறார்கள். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த விதி எங்கே பிறந்தது, எப்படிச் சிலிக்கான் சில்லுக்குள் வந்து குடியேறியது, எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்பதே நோக்கம்.

2

விதியின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் இல்லை. கரும்புச் சர்க்கரை இருக்கிறது. 1889இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரீனியஸ், அமிலத்தில் கரும்புச் சர்க்கரை உடைந்து மாறும் வேகம் வெப்பநிலையோடு எப்படிக் கூடுகிறது என்று ஆராய்ந்தார். ஒரு வினை நடக்க மூலக்கூறுகள் ஒரு 'தடைச் சுவரை'த் தாண்டியாக வேண்டும். சூடு கூடக்கூட அதைத் தாண்டும் மூலக்கூறுகள் மளமளவெனப் பெருகும். சுவரின் உயரம் வினைக்கு வினை மாறும். அறை வெப்பநிலையில் நடக்கும் பல வினைகளுக்குப் பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 'பத்து டிகிரி' என்ற எண்ணின் பூர்வீகம் இதுதான்.

அடுத்தது 1930. அமெரிக்கப் பொறியாளர் மான்ட்சிங்கர், எண்ணெயில் ஊறிய காகிதமும் துணியும் சுற்றப்பட்ட மின்மாற்றிகளை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்: எட்டு டிகிரி கூடினால் காப்புறையின் ஆயுள் பாதியாகும். நம்மூர் டிரான்ஸ்பார்மரின் வயிற்றுக்குள் சூட்டில் மெல்ல மெல்லக் கருகி நொறுங்கும் காகிதத்துக்கு இந்த விதி பொருந்தும். அது வேதியியல் சிதைவு. சர்க்கரைக்கும் காகிதத்துக்கும் தூரம் அதிகமில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவம் மின்னணுக் கருவிகளை ஆயிரக்கணக்கில் வாங்கத் தொடங்கியபோது, 'இது எத்தனை மணி நேரம் உழைக்கும்' என்கிற கேள்விக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுத வேண்டுமே! 1960களில் அமெரிக்க ராணுவம் 217 எண்ணிட்ட கையேடு ஒன்றை வெளியிட்டது. ஒவ்வொரு உறுப்புக்கும் அடிப்படைப் பழுது விகிதம் ஒன்று. சூட்டுக்கு ஒரு பெருக்கல் காரணி. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் கருவியின் 'நம்பகத்தன்மை' வந்துவிடும். மின்னணுத் துறை உலகம் முழுக்க இதை வேதமாக எடுத்துக்கொண்டது. சூட்டைக் குறை, ஆயுள் கூடும்: கணக்கு அப்படித்தான் சொன்னது.

1980களிலும் 1990களிலும் இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெக்ட் போன்றவர்கள், பழுதுகள் ஒரே மாதிரியானவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பௌதிகக் காரணம் உண்டு, நிலையான சூட்டைவிடச் சூட்டின் ஏற்ற இறக்கம் கொல்லும் இடங்கள் பல என்று வாதிட்டார்கள். 1994இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே ராணுவத் தரக் கையேடுகளைச் சார்ந்திருப்பதைக் குறைக்க உத்தரவிட்டது. அந்தக் கையேட்டுக்கு 1995இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு புதிய பதிப்பு ஒன்றும் வரவில்லை. கையேடு ஓய்ந்தாலும் அதன் சாரம் மட்டும் நம் மெக்கானிக்கின் வாயில் இன்னும் ஓய்வில்லாமல் வாழ்கிறது. ஒரு விதி ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் குடிபெயரும்போது அதன் நிபந்தனைகளை வழியிலேயே தொலைத்துவிடுகிறது. நிபந்தனை தொலைந்த விதிக்குத்தான் அதிகாரம் அதிகம்.

3

நிலையான சூட்டைவிட ஏற்ற இறக்கம்தான் கொல்லும் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. கம்ப்யூட்டர் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது அது.

1946 பிப்ரவரியில் பென்சில்வேனியாவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் இயந்திரத்தில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. மின்செலவு 150 கிலோவாட் அளவு. அதாவது 150 இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் ஒரு கூடத்தில் போட்டுவைத்த சூடு. இத்தனை குழாய்கள் இருந்தால் நிமிஷத்துக்கு ஒன்று பியூஸ் போகும், கணக்கே ஓடாது என்று பலர் சொன்னார்கள். அதன் பொறியாளர் பிரெஸ்பர் எக்கர்ட் இரண்டு காரியம் செய்தார். ஒவ்வொரு குழாயையும் அதன் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு வெகு கீழேயே ஓட்டினார். அப்புறம், குழாய்கள் பெரும்பாலும் இயந்திரத்தைப் போடும்போதும் அணைக்கும்போதும்தான் சாகின்றன என்று தெரிந்ததும், முடிந்தவரை அணைக்காமலே வைத்துக்கொண்டார்கள். பழுது இரண்டு நாளைக்கு ஒரு குழாய் என்ற அளவுக்குக் குறைந்தது.

ஆக, ஆயுளை நீட்டியது குளிர் மட்டுமல்ல. முழுப் பலத்தையும் கேட்காத நிதானமும், சூடாகிச் சூடாகி ஆறுவதைத் தவிர்த்ததும்தான். பிற்காலத்தில் இந்த இரண்டில் முதலாவதை, அதாவது முழுப் பலத்தையும் கேட்காமல் இருப்பதை, சந்தை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

4

சரி, சில்லுக்குள் சூடு என்னதான் செய்கிறது?

சில்லின் டிரான்சிஸ்டர்களை இணைப்பவை தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய உலோகக் கம்பிகள். அவற்றில் பாயும் எலெக்ட்ரான்கள் உலோக அணுக்களை மோதி மோதி, ஆற்று வெள்ளம் மணலைத் தள்ளுவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகின்றன. ஓரிடத்தில் குழி விழுந்து கம்பி அறுகிறது. இன்னோரிடத்தில் மேடு விழுந்து பக்கத்துக் கம்பியைத் தொடுகிறது. மின்னோட்டத்தால் அணுக்கள் பெயரும் இந்த நிகழ்வுக்கு 1960களின் இறுதியில் மோட்டரோலா நிறுவனத்தின் ஜேம்ஸ் பிளாக் ஒரு சமன்பாடு தந்தார். அதில் ஆயுளைத் தீர்மானிப்பவை இரண்டு: கம்பியில் நெருக்கிக்கொண்டு போகும் மின்னோட்டம், அப்புறம் வெப்பநிலை. வெப்பநிலைப் பகுதி அர்ரீனியஸின் பழைய சூத்திரமேதான். சர்க்கரை இங்கே உலோகத்துக்குள் நுழைந்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'தடைச் சுவர்' 0.8 எலெக்ட்ரான் வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 90 டிகிரி செல்சியஸிலிருந்து 100க்குப் போகும்போது ஆயுள் ஏறத்தாழ சரிபாதியாகிறது. பழைய அலுமினியக் கம்பிகளுக்கு ஏற்றவாறு 0.5 என்று வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. 1997இல் ஐ.பி.எம். அலுமினியத்துக்குப் பதிலாகச் செம்பை அறிவித்ததற்கு வேகம் ஒரு காரணம், இந்தப் பெயர்வைச் செம்பு நன்றாகத் தாங்கும் என்பது இன்னொரு காரணம். ஆக விதி முழுப் பொய்யல்ல. எந்தப் பொருள், எந்தச் சிதைவு, எந்த வெப்பநிலை என்பதைப் பொறுத்து 'பாதி' என்பது இரண்டில் ஒன்றாகவும் இருக்கும், மூன்றில் இரண்டாகவும் இருக்கும்.

ஆனால் யாரும் கேட்காத கேள்வி இன்னொன்று. பாதி சரி, எதில் பாதி? ஒரு செயலி நாற்பது வருஷம் ஓடக்கூடியது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்து டிகிரி கூடினால் இருபது வருஷம். அதை ஏழாவது வருஷத்தில் காயலான் கடையில் போடப்போகிறோம் என்றால் அந்த இருபது யாருக்கு? வடிவமைக்கும்போதே பொறியாளர்கள் ஒரு உச்ச வெப்பநிலையையும் இத்தனை வருஷம் என்ற இலக்கையும் வைத்துக்கொண்டு, கம்பியின் தடிமனையும் மின்னழுத்தத்தையும் அதற்கேற்பத் தேர்கிறார்கள். டிரான்சிஸ்டர்கள் வயதாகி மெதுவாகும் என்பதையும் எதிர்பார்த்துக் கொஞ்சம் இடைவெளி விட்டே வேகத்தை நிர்ணயிக்கிறார்கள். ஆகவே ஆயுள் என்பது சில்லின் தலையெழுத்து அல்ல. அது ஒரு தீர்மானம். யாரோ ஒரு மேசையில் எடுத்த தீர்மானம் நம்மிடம் வரும்போது இயற்கை விதியாக வேஷம் கட்டி வருகிறது.

5

இப்போது 'திராட்லிங்' என்ற சொல்லுக்கு வருவோம். சூடு கூடும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதற்கு இந்தப் பெயர். அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் தொண்டை. குரல்வளையைப் பிடித்து நெரிப்பது என்பது பழைய பொருள். பிறகு நீராவி இயந்திரத்துக்குப் போகும் ஆவியை அடைத்துத் திறக்கும் வால்வுக்கு அந்தப் பெயர் வந்தது. 1788இல் ஜேம்ஸ் வாட் தன் இயந்திரத்தில் சுழலும் இரண்டு குண்டுகளை இந்த வால்வோடு இணைத்தார். இயந்திரம் வேகமெடுத்தால் குண்டுகள் விரிந்து வால்வை மூடும், தளர்ந்தால் திறக்கும். மனுஷன் நின்று பார்க்க வேண்டியதில்லை. தன்னைத் தானே கண்காணித்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும் இயந்திரத்தின் வம்சாவளியில் முக்கியமான மூதாதை அது. செயலியின் சூட்டை நாம் அளப்பதும் அவர் பெயரிட்ட அலகில்தான்.

சில்லுக்கு இந்த வால்வு வந்த கதை சுருக்கமானது. 1965இல் கோர்டன் மூர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே, இத்தனை உறுப்புகளை ஒரே சில்லில் நெருக்கினால் அந்தச் சூட்டை வெளியேற்ற முடியுமா என்ற கேள்வி இருந்தது. முடியும் என்றார். 1974இல் ஐ.பி.எம்மின் ராபர்ட் டென்னார்டும் தோழர்களும் அதற்கு விளக்கம் தந்தார்கள்: டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், எத்தனை நெருக்கினாலும் பரப்புக்கு இவ்வளவு என்ற சூடு மாறாது. முப்பது வருஷம் தொழில்துறை இந்த வாக்குறுதியில்தான் ஓடியது. ஆனால் வேகப் போட்டியில் நிறுவனங்கள் மின்னழுத்தத்தை அந்த அளவு குறைக்கவில்லை. 2001 பிப்ரவரியில் இன்டெல்லின் பேட் கெல்சிங்கர், இப்படியே போனால் சில்லின் சூட்டடர்த்தி அணு உலையையும் ராக்கெட் முனையையும் தொட்டுவிடும் என்று ஒரு பொறியியல் மாநாட்டில் எச்சரித்தார்.

2000 நவம்பரில் வந்த பென்டியம் 4இல் வெப்பத்தை உணரும் சுற்று சில்லுக்குள்ளேயே இருந்தது. எல்லையைத் தொட்டால் கடிகாரத் துடிப்பை மைக்ரோ விநாடிக் கணக்கில் நிறுத்தி நிறுத்தி விடும். 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணைய இதழ் ஒரு பரிசோதனையைப் படம்பிடித்து வெளியிட்டது. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலியின் தலைமேலுள்ள வெப்பந்தாங்கி உலோகத்தைக் கழற்றினார்கள். பென்டியம் 4 மெதுவாகி, ஓட்டத்தை விடாமல் பிழைத்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது, சாகவில்லை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் இரண்டு செயலிகள் சில விநாடிகளில் புகைந்து கருகின. அந்தப் படத்தைப் பார்த்த ஒரு தலைமுறைக்கே 'சூடு செயலியைக் கொல்லும்' என்பது கண்ணால் கண்ட சாட்சியமாயிற்று. ஆனால் அந்தப் படம் நிரூபித்தது வேறு. வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தெரிந்த சில்லு சாகவில்லை.

இதைத் தெளிவாகவே சொல்லிவிட வேண்டும். திராட்லிங் ஆயுளைக் குறைப்பதில்லை, காப்பாற்றுகிறது. செயலி செலவழிக்கும் ஆற்றல் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். ஆகவே மின்னழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கினாலே சூடு கணிசமாக இறங்கும். அதையும் மீறிச் சூடேறினால் சில்லு தானே அணைந்துவிடும். ஆனால் வருஷக் கணக்காக அந்த எல்லையை உரசிக்கொண்டே ஓடும் சில்லு, குளுமையாக ஓடுவதைவிடச் சீக்கிரம் வயதாகும் என்பதும் உண்மை. வால்வு நம்மை மரணத்திலிருந்துதான் காக்கிறது, முதுமையிலிருந்து அல்ல.

6

2004 இந்த வரலாற்றில் ஒரு முறிவு. அந்த வருஷத் தொடக்கத்தில் வந்த புதிய பென்டியம் 4, நூறு வாட்டைத் தாண்டியது. டிரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதும் மின்சாரம் கசிந்தது. கசிவு சூட்டைக் கூட்டியது, சூடு கசிவைக் கூட்டியது. மே மாதம் அதன் வாரிசாக வரவிருந்த சில்லை இன்டெல் கைவிட்டது. அக்டோபரில் 4 கிகா ஹெர்ட்ஸ் பென்டியத்தையும் கைவிட்டது. அந்த மாதம் ஒரு கூட்டத்தில் அதன் தலைவர் கிரெய்க் பாரெட் மேடையிலேயே மண்டியிட்டு, வாக்குத் தவறியதற்கு விளையாட்டாக மன்னிப்புக் கேட்டார். சூட்டின் முன் மூலதனம் மண்டியிட்ட தருணம் என்று சொல்ல நாக்குத் துறுதுறுக்கிறது. ஆனால் மண்டியிட்டது விளையாட்டுக்குத்தான். ஒரு சில்லில் பல செயலிகளை வைப்பது என்று வழியை மாற்றிக்கொண்டு ஓட்டம் தொடர்ந்தது.

இதற்குப் பிறகு நடந்த மொழி மாற்றம் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது. 2008 இறுதியில் இன்டெல் 'டர்போ பூஸ்ட்' என்ற பெயரைக் கொண்டுவந்தது. அடிப்படை வேகம் என்று ஒரு சிறிய எண். சூட்டுக்கு இடமிருந்தால் கொஞ்ச நேரம் அதைத் தாண்டி ஓடலாம் என்று ஒரு பெரிய எண். தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தால் அதே வால்வின் மறுபக்கம்தான் இது. முன்பு மெதுவாவதை 'நெரிப்பு' என்றார்கள். இப்போது மெதுவாக இருப்பதே இயல்பு, வேகம் ஒரு வெகுமதி. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சாவது வெகுமதி எண். நாம் காசு கொடுப்பது அந்த எண்ணுக்கு. மே மாதத்துப் பகலில் நமக்குக் கிடைப்பது சின்ன எண். 2022இல் ஏ.எம்.டி. தன் புதிய மேசைக் கணினிச் செயலிகள் கடும் வேலையில் 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை, அது பழுதல்ல என்று சொன்னது. அதாவது எல்லைக்கோடு இனி எச்சரிக்கை அல்ல, வசிப்பிடம். எக்கர்ட் குழாய்களுக்கு விட்டுவைத்த இடைவெளியைக் கடைசி டிகிரி வரை வழித்தெடுத்து விற்றுவிட்டார்கள்.

7

அப்படியானால் இயந்திரங்கள் எதனால்தான் சாகின்றன?

2007 ஜூலையில் மைக்ரோசாப்ட் தன் விளையாட்டுப் பெட்டியின் உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. அங்கே உடைந்தது சிலிக்கான் அல்ல. சூடாகி ஆறிச் சூடாகி ஆறி இணைப்புகளில் விழுந்த விரிசல்தான் காரணம். 2008இல் மடிக்கணினிகளில் வந்த என்விடியா சில்லுகளிலும் பிரச்சினை சில்லைப் பலகையோடு பிணைக்கும் பொருளில்தான் இருந்தது. எனியாக்கின் பாடம் மறுபடியும்: கொன்றது சூட்டின் ஏற்ற இறக்கம். 2012இல் டொரோண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய கணினி நிலையங்களின் பழுதுப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, வெப்பநிலையின் பாதிப்பு நினைத்ததைவிடக் குறைவு, ஏற்ற இறக்கத்தின் பாதிப்பு கவனிக்கத்தக்கது என்றே கண்டார்கள்.

பத்து டிகிரி விதி ஓரளவு சொன்னபடி பலிப்பது செயலியின் அண்டைவீட்டாரிடம். பலகையில் நிற்கும் குட்டி உருளைக் கெப்பாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் வற்றுகிறது. தலை உப்பிய கெப்பாசிட்டரைக் காட்டாத மெக்கானிக் கிடையாது. பேட்டரியும் சூட்டில் சீக்கிரம் மூப்படைகிறது. விசிறியின் பேரிங் தேய்கிறது. சில்லுக்கும் உலோகத்துக்கும் நடுவிலுள்ள பசை காய்ந்து வெடிக்கிறது. இவற்றில் எது போனாலும் நம் வாயில் வருவது 'பிராசசர் போயிருச்சு' என்பதுதான்.

செயலியே சாகும் நேரமும் உண்டு. 2024இல் இன்டெல்லின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் பல நிலைகுலைந்தன. தேவைக்கு அதிகமான மின்னழுத்தமும் சூடும் சேர்ந்து உள்ளே ஒரு கடிகாரச் சுற்றை முன்கூட்டியே மூப்படையச் செய்தன என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. திருத்த நிரல் கொடுத்தது, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டியது. ஏற்கெனவே கெட்டுப்போன சில்லை எந்த நிரலும் மீட்கவில்லை. இங்கேயும் சூடு தனியாக வரவில்லை. உச்ச வேகத்துக்காக ஏற்றப்பட்ட மின்னழுத்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது.

8

மெதுவாக்குவது தவறல்ல என்றேன். சொல்லாமல் மெதுவாக்குவது வேறு விஷயம். 2017இல் ஆப்பிள் தன் பழைய கைபேசிகளின் செயலி வேகத்தை ஒரு மென்பொருள் திருத்தத்தின் மூலம் குறைத்தது. இங்கே காரணம் சூடு அல்ல. மூத்த பேட்டரி திடீரென மின்சாரம் தர முடியாமல் கைபேசி அணைந்துவிடாமல் இருக்க என்பதே விளக்கம். பொறியியலாக அது நியாயமானதுகூட. ஆனால் டிசம்பரில் வெளியார் அளந்து காட்டிய பிறகுதான் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது. அதுவரை ஜனங்கள் என்ன செய்தார்கள்? 'போன் பழசாயிருச்சு' என்று புதுசு வாங்கினார்கள். பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பியிருக்கும். 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் அரசு இதற்கு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. தவறு என்று சுட்டப்பட்டது, நுகர்வோருக்குச் சொல்லாமல் விட்டதுதான்.

'மெதுவாகிவிட்டது' என்பதும் 'செத்துக்கொண்டிருக்கிறது' என்பதும் நம் புத்தியில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பத்து டிகிரி விதி அந்த முடிச்சை இறுக்குகிறது. சூடாகிறது, மெதுவாகிறது, ஆயுள் முடிந்தது, புதுசு வாங்கு. வரலாறு சொல்வது இதற்கு நேர் எதிரானது. சூடாகி மெதுவாகும் செயலி சாகாமல் இருக்கப் பார்க்கிறது.

போன வருஷம் சித்திரையில் என் பழைய மடிக்கணினி இப்படித்தான் ஆயிற்று. ஒரு பக்கம் தட்டினால் எழுத்து வர அரை நிமிஷம். தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம் என்றே முடிவு செய்திருந்தேன். ரிப்பேர் கடைத் தம்பி பின்பக்க மூடியைக் கழற்றினார். விசிறிக்குப் பின்னால் கம்பளி போலத் தூசி. பிரஷ்ஷால் தட்டினார், காய்ந்துபோன பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினார். "சில்லு சாகலண்ணே, மூச்சுதான் அடைச்சிருந்துச்சு" என்றார். தொண்டையிலிருந்து பிறந்த அந்த ஆங்கிலச் சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் அதற்கு இதைவிட நல்ல தமிழ் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. நானூறு ரூபாய் ஆனது. இந்தக் கட்டுரையை அதில்தான் எழுதுகிறேன். சிறுபத்திரிகை நடத்தும் நண்பர்களுக்கு என் சிபாரிசு இதுதான்: தூக்கிப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள், படுக்கை மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள், பேட்டரியைச் சோதியுங்கள். உபதேசமாகத் தோன்றினால் மன்னிக்கவும்.

9

கடைசியாக ஒரு எண்.

இன்றைய மடிக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ் என்ற உச்சவரம்பு ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தொட்டால் யாரையும் கேட்காமல் செயலி மெதுவாகலாம். அதை யாரும் சோம்பேறி என்பதில்லை. அதன் கூலி பிடிக்கப்படுவதில்லை. 2022 ஜூலையில் பிரிட்டன் வரலாற்றில் முதன்முறையாக 40 டிகிரியைக் கடந்த நாளில், லண்டனில் கூகிள், ஆரக்கிள் நிறுவனங்களின் கணினி நிலையங்களில் குளிரூட்டிகள் பழுதானபோது இயந்திரங்களைக் காப்பாற்றச் சேவைகளை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரி.

நம் நாட்டில் 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு, தொழிலாளிக்கு நியாயமான சௌகரியம் இருக்கும்படியான, உடல்நலம் கெடாதபடியான வெப்பநிலை வேண்டும் என்றது. எத்தனை டிகிரி என்று அந்தப் பிரிவில் எழுதவில்லை. அதை மாநில அரசுகளின் விதிகளுக்கு விட்டது. சில்லுக்கு எண், உடம்புக்குப் பெயரடை. அந்தத் தகரக் கூரையின் கீழே நின்ற கம்பாசிட்டர் அண்ணனுக்கு நியாயமான சௌகரியம் எது என்பதைத் தீர்மானித்தவர் எங்கள் முதலாளி. மெதுவாகும் உரிமை அவருக்கு இருந்ததில்லை. மெதுவானால் 'வயசாயிருச்சு' என்றார்கள். 1995இல் ஈய எழுத்துக்களை எடைக்குப் போட்டபோது அவரையும் நிறுத்திவிட்டார்கள்.

செயலிக்கு இருக்கும் கருணையை மனிதனுக்கும் நீட்டுங்கள் என்று கேட்பது என் நோக்கமல்ல. செயலிக்குக் காட்டப்பட்டது கருணையே அல்ல. அது விலையுயர்ந்த சரக்கு. பழுதானால் நஷ்டம் விற்றவனுக்கு. 2007இலும் 2024இலும் உத்தரவாதம் நீண்டது அதனால்தான். எல்லை எண் எழுதப்படுவது நஷ்டம் யார் தலையில் விழுகிறதோ அதைப் பொறுத்தே. சூடு அப்படியேதான் இருக்கிறது. சில்லிலிருந்து உலோகத்துக்கு, உலோகத்திலிருந்து அறைக்கு, அறையிலிருந்து ஏ.சி. வழியாகத் தெருவுக்கு என்று கைமாறிக்கொண்டே போகிறது. எங்கள் கண்ணாடி அறையின் ஏ.சி.யும் தன் வெந்நீராவி போன்ற காற்றை அந்தத் தகரக் கூரையின் பக்கமாகத்தான் துப்பிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தும் நான் ஒரு நாள்கூட அதை யோசித்ததில்லை.

பத்து டிகிரி கூடினால் எதன் ஆயுள் பாதியாகிறது என்ற கேள்வியை இங்கிருந்து மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. விவாதத்துக்காக இதை முன்வைக்கிறேன்.